எடைக் கணக்கோடு ஐந்து நாள்: ஓசூரிலிருந்து பென்னாகரத்து மலை வரை

முதல் நாள் – ஓசூர், தளி சாலை

சேலத்தில் விடியுமுன் பேருந்து ஏறி, தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகளின் பின்னால் ஊர்ந்து, ஓசூரில் இறங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பாலிடெக்னிக்கில் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மின்சாரத்தில் பறக்கும் வானூர்திகளைப் பற்றி வரும் செய்திகளைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். அந்தச் செய்திகள் எல்லாம் துபாயையும் நியூயார்க்கையும் சுற்றியே நிற்கின்றன. அதே ஊர்தி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு மேல் பறந்தால் எதைச் சுமக்கும், யாரைச் சுமக்கும், எங்கே இறங்கும் என்று ஊர் ஊராக நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன்.

முதலில் தளி சாலையில் உள்ள பேளகொண்டப்பள்ளிக்குப் போனேன். ஏறத்தாழ ஏழாயிரம் அடி நீள ஓடுபாதையுடன் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் வானூர்தித் திடல் அங்கே இருக்கிறது. உள்ளே போக எனக்கு அனுமதியும் இல்லை, காரியமும் இல்லை. வேலிக்கு வெளியே, சாலையோரத்து நிழலில் நின்றுதான் பார்த்தேன். நம் நாட்டில் படைத்துறை சாராத சிறு விமானங்களை உருவாக்கிய முதல் தனியார் நிறுவனம் இது. இத்தாலியின் பார்த்தனேவியா வடிவமைத்த, இரண்டு எஞ்சினும் ஆறு இருக்கையும் கொண்ட பி-68 விமானத்தை 1990-களிலேயே இங்கே கட்டினார்கள். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமான ஹன்சாவும் இங்கே உருவானது. ஸ்கூட்டருக்கும் ரோஜாவுக்கும் பெயர்போன ஊரில் விமானமும் செய்தார்கள் என்பது ஓசூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. என்னை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர், "அது ஏதோ மிலிட்டரி இடம் சார்" என்றே சாதித்தார்.

ஹன்சாவின் வழியிலேயே மின்சாரத்தில் இயங்கும் இ-ஹன்சாவை அந்த ஆய்வகம் உருவாக்கும் என்று 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்தது. இந்தத் துறையில் ஆரவாரமில்லாமல் முன்னேறிய கிளை இதுபோன்ற மின் பயிற்சி விமானங்கள்தான் என்பது என் கருத்து. செங்குத்தாக எழும்பும் ஏர் டாக்சிகளுக்குக் கூட்டம் கூடிக்கொண்டிருந்தபோதே, பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் 2020 ஜூனில் ஐரோப்பிய வான்பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றிதழை, அதாவது அந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்ற ஒப்புதலை, பெற்றுவிட்டது. உலகில் அவ்வாறு சான்று பெற்ற முதல் மின் விமானம் அது. அதன் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடந்தான்; ஆனால் திடலை விட்டுத் தொலைவாகப் போகாமல் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிப் பழகும் மாணவருக்கு அது போதும்.

ஓடுபாதை தேவைப்படாத ஊர்தியின் கதை வேறு. ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள் என்பது திட்டம். பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய நிலையம் கூடாது என்ற ஒப்பந்தப் பிரிவு 2033 வரை குறுக்கே நிற்கிறது. நான்கு பேர் ஏறும் மின் ஊர்தி வந்து இறங்கும் ஒரு மொட்டைமாடித் தளத்தையும் 'விமான நிலையம்' என்று அந்த ஒப்பந்தம் எண்ணுமா என்ற கேள்வி வழக்கறிஞர்களுக்குச் சில ஆண்டுகள் சோறு போடும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வான்வழியில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று வண்டியில் போகிறவருக்கு அது இரண்டரை மணி நேரத் தவம். சீனாவின் ஈஹாங் இஎச்216-எஸ், 2023 அக்டோபரில் அந்நாட்டு வகைச் சான்றிதழைப் பெற்றது. விமானி இல்லாமல் இருவரைச் சுமந்து பதினாறு சுழலிகளில் பறக்கும் அதன் எட்டுத்தொலைவு, அதாவது ஒரே மின்னேற்றத்தில் போகக்கூடிய தூரம், முப்பது கிலோமீட்டர்தான் என்பதால், ஓசூரில் கிளம்பினால் பெங்களூர் நகரத்துக்குள்ளேயே இறங்கிவிட வேண்டியிருக்கும். அதற்கு இறக்கை இல்லை. பறக்கும் நேரம் முழுவதும் தன் எடையைச் சுழலிகளின் மீதே தொங்கவிட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஜோபி ஊர்தியோ, மேலெழுந்தபின் தன் ஆறு சுழலிகளையும் முன்பக்கம் சாய்த்து, எடையை இறக்கையிடம் ஒப்படைத்துவிடுகிறது. 2021-இல் நடந்த ஒரு சோதனையில் ஆள் யாரும் ஏறாமல் ஒரே மின்னேற்றத்தில் சுமார் 249 கிலோமீட்டர் பறந்து காட்டியது. கிணற்றிலிருந்து நீரைக் கையால் தூக்குவதற்கும் வாய்க்காலில் விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. தூக்கும் வேலை அந்த முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும்தான் இருக்கிறது. பேட்டரியின் உயிரை வாங்குவதும் அதே இரண்டு நிமிடங்கள்தான்.

அந்தத் தூக்கும் வேலையில் ஓசூர் இன்னும் கொஞ்சம் கடுமை காட்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ, இந்த உயரத்தில், 35 டிகிரி வெயில் அடிக்கும் பிற்பகலில், அது சுமார் 1.03 கிலோவாகக் குறைகிறது. காற்று லேசானால் அதே எடையைத் தூக்கச் சுழலி கூடுதலாக உழைக்க வேண்டும். இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடுதல் திறன். ஓசூரின் குளுமையை வியந்து வீடு வாங்குகிறவர்கள் காற்றின் எடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏர் டாக்சி விற்க வருகிறவர் கவலைப்பட்டாக வேண்டும்.

இரண்டாம் நாள் – சிப்காட்

என் பழைய மாணவர் ஒருவர் சிப்காட்டில் நான்கு சிஎன்சி இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் மோட்டாருக்கான மூடிகளையும் தண்டுகளையும் ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கிறார். டிவிஎஸ், ஏத்தர் என்று மின் ஸ்கூட்டர் செய்யும் நிறுவனங்கள் ஓசூரில் வேர்விட்ட பிறகு, இதுபோன்ற பட்டறைகளின் கைப்பழக்கமே மாறியிருக்கிறது. முன்பு கார்புரேட்டர் துளையைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது காந்த இடைவெளியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

"வானூர்தி மோட்டாருக்குப் பாகம் செய்து தருவீர்களா?" என்று கேட்டேன்.

"கடையறது பெரிய விஷயம் இல்ல சார். பேப்பர்தான் பயமுறுத்துது" என்றார்.

அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. ஸ்கூட்டரின் மோட்டார் நின்றால் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். நகரத்தின் மேல் பயணியரை ஏற்றிப் பறக்கும் மின் ஊர்திக்கு ஐரோப்பிய முகமை விதித்திருக்கும் அளவுகோல், உயிரைப் பறிக்கும் பழுது நூறு கோடிப் பறக்கும் மணிகளில் ஒருமுறைக்கு மேல் நேரக்கூடாது என்பது. பல சுழலிகளை வைப்பதன் முதன்மையான காரணமும் அதுதான்: ஒன்று நின்றாலும் மற்றவை தாங்க வேண்டும். இந்த அளவுகோலை நிரூபிக்க, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஜாதகம் எழுத வேண்டும். எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது, எந்த உலையில் பதப்படுத்தினார்கள், எந்த இயந்திரத்தில் எந்த நாளில் கடைந்தார்கள், யார் அளந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் பதிவாக வேண்டும். என் மாணவரிடம் ஆள் உண்டு, இயந்திரம் உண்டு. பதிவேடு எழுத மட்டும் தனி ஆள் வைக்கும் அளவுக்கு ஆர்டர் இல்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று. அங்கே வரும் உதவி எனக்குத் தெரிந்தவரை கட்டடமாகவும் சோதனைக்கூடமாகவும் பேசப்படுகிறது. பட்டறைக்காரருக்கு வேண்டியது சான்றிதழ் வாங்கும் வரை தாக்குப்பிடிக்கும் மூச்சு.

காந்தத்தைப் பற்றி அவரே பேச்சை எடுத்தார். மின் மோட்டாரின் எடையைக் குறைப்பது நியோடிமியம் கலந்த நிலைக்காந்தம். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது ஸ்கூட்டர் ஆலைகளே கலங்கிப்போயின. எடையே உயிர் என்றிருக்கும் வானூர்தியில், அரிய மண் இல்லாத, ஆனால் எடையைக் கூட்டும் பெரைட் காந்தத்துக்கு மாறுகிறேன் என்று யாராலும் எளிதில் சொல்லிவிட முடியாது.

மாலையில் ரோஜாத் தோட்டங்களின் பக்கம் நடந்தோம். பசுமைக்குடில்களில் 'தாஜ்மஹால்' ரகத்துச் சிவப்பு மொட்டுகளை விடியலில் வெட்டி, குளிரறையில் வைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, தேவனஹள்ளிக்கு அனுப்புகிறார்கள். காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் பூவின் ஆயுளிலிருந்து கழிகிறது. எடை குறைவு, மதிப்பு மிகுதி, அழுகும் அவசரம் என்ற மூன்றும் கூடிய சரக்கு இது. ஓசூரில் மின் ஊர்தி பறக்கத் தொடங்கினால், ஐ.டி. நிறுவன அதிகாரிகளை ஏற்றுமுன் ரோஜாவை ஏற்றிப் பழகட்டும் என்றேன். பூ விழுந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்றார் மாணவர்.

மூன்றாம் நாள் – போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி

போச்சம்பள்ளிப் பக்கம் ஐந்நூறு ஏக்கரில் பரந்திருக்கும் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையையும் அதையடுத்த செல் ஆலையையும் பேருந்து சன்னலிலிருந்து பார்த்தேன். அங்கே செய்யும் 4680 வகைச் செல் 46 மில்லிமீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளை. நம் வீட்டுக் காபி டம்ளரைவிடச் சிறியது. மாந்தோப்புகளுக்கு நடுவே லித்தியம் செல் உருவாகும் என்று நான் பாடம் நடத்திய காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் அந்தச் செல்லை வானில் ஏற்றுவதற்கு முன் தராசில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ விமான மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. இன்றைய நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவில் கால் யூனிட்டைச் சற்றே தாண்டும். மின் மோட்டார் தான் வாங்கியதில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சுழற்சியாக மாற்றிவிடும். சிறிய எஞ்சின் முக்கால் பங்கை வெப்பமாக விரயம் செய்யும். இந்தச் சலுகையைக் கழித்த பிறகும் எண்ணெய் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு முன்னால் நிற்கிறது. அதனால்தான் மின் வானூர்தி என்றாலே குறுந்தொலைவு என்றாகிறது. ஜோபி நிறுவனமே 2024-இல், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிகலம் பொருத்திய ஊர்தியில் 841 கிலோமீட்டர் பறந்து பார்த்ததற்கும் இந்த எடைக் கணக்கே காரணம்.

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியை ஒட்டிய எடைமேடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயை ஏற்றிய லாரி மேடையில் ஏறுகிறது, சீட்டு வாங்குகிறது, சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மீண்டும் ஏறுகிறது. எண்ணெயில் பறக்கும் விமானமும் இந்த லாரியைப் போலத்தான்: போகப்போக எரிபொருள் தீர்ந்து, இறங்கும்போது இளைத்திருக்கும். பேட்டரி விமானம் சரக்கை இறக்கவே தெரியாத லாரி. மின்சாரம் முழுவதும் தீர்ந்தாலும் பேட்டரியின் எடை கிராம் அளவுக்கும் குறையாது. கிளம்பிய அதே எடையோடு, வற்றிப்போன பேட்டரியோடு, செங்குத்தாக இறங்கும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் மோட்டார் மிகுதியான திறனைக் கேட்கிறது. எண்ணெய் மானியில் சிவப்பைத் தொட்ட பிறகு மலை ஏறச் சொல்வது போன்ற இக்கட்டு இது. ஆகவே விளம்பரத்தில் வரும் தொலைவில், இறங்குவதற்கும் இடம் மாறிப் போவதற்கும் வேண்டிய கையிருப்பைக் கழித்த பிறகே ஊர்களுக்கிடையே கோடு போட வேண்டும்.

மேடைக்காரரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆள குறைச்சு ஏத்தணும்" என்றார். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இது புரிய இரண்டு வகுப்பு ஆகியிருக்கும்.

நான்காம் நாள் – தருமபுரி

வெயில் அதிகம், வெளியே சுற்றவில்லை. கையோடு கொண்டுவந்த குறிப்புகளைப் புரட்டினேன். ஏர் டாக்சி செய்ய முனைந்த ஜெர்மன் நிறுவனங்களில் லிலியம் 2024 அக்டோபரிலும், வோலோகாப்டர் அதே ஆண்டு டிசம்பரிலும் திவால் மனு கொடுத்தன. நம் பக்கத்தில், இண்டிகோவின் தாய்க்குழுமம் அமெரிக்காவின் ஏர் டாக்சி நிறுவனமான ஆர்ச்சரோடு சேர்ந்து, தில்லி கன்னாட் பிளேசிலிருந்து குருகிராமுக்கு ஏழு நிமிடத்தில் பறப்போம் என்று 2023-இல் அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் கருவாகி வளர்ந்த இபிளேன் நிறுவனம் 788 மின் வானூர்திகளை ஆம்புலன்சாக வழங்க 2025-இல் ஒப்பந்தம் செய்தது. தில்லிச் செய்தியைவிட இந்தக் கடைசிச் செய்தியே என்னைத் தருமபுரிக்கு இழுத்து வந்தது.

இரவு என் சித்தி மகள் வீட்டில் சாப்பாடு. அரசு மருத்துவமனைச் செவிலியராக இருபது ஆண்டு பணியாற்றியவள். மலையூர்களுக்கு ட்ரோனில் பாம்புக்கடி மருந்து அனுப்பலாமே என்றேன். மணிப்பூரில் 2021 அக்டோபரில் லோக்டாக் ஏரியின் கராங் தீவுக்குத் தடுப்பூசியை ட்ரோன் 12 முதல் 15 நிமிடத்தில் கொண்டுபோனதை ஆதாரமாகக் காட்டினேன். களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே அவள் என் திட்டத்தைப் பிரித்துப் போட்டாள்.

"மருந்து போயிடும் அண்ணா. யார் போடறது? பத்து குப்பி ஏத்தணும். பாதியிலேயே சிலருக்கு அலர்ஜி வந்து மூச்சு அடைக்கும். டாக்டர் பக்கத்துல நிக்கணும்."

நான்கு நாடித்துடிப்பு நேரம் பேசாமல் இருந்தேன். தடுப்பூசிக்குப் பொருந்துவது பாம்புக்கடிக்குப் பொருந்தவில்லை. இரத்த மாதிரி, மாத்திரை, பிரசவத்துக்குப் பிந்தைய ஊசி என்றால் ட்ரோன் போதும். கடிபட்டவரை மருத்துவரிடம் கொண்டுவர வேண்டுமென்றால் மனிதரைச் சுமக்கும் ஊர்தி வேண்டும். ஒரு கிலோவிலிருந்து கணக்கு ஒரே தாவலில் நூற்றுக்கணக்கான கிலோவுக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் – பென்னாகரம் வட்டத்து மலை

பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்கு இயந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்வதைச் செய்தித்தாளில் எல்லோரும் பார்த்திருப்போம்; 2024 மக்களவைத் தேர்தலிலும் அப்படித்தான் போயின. அதுபோன்ற இன்னொரு சிற்றூருக்கு, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரோடு காலை ஆறு மணிக்கு அடிவாரத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன். அவருடைய இரண்டு கழுதைகள் ரேஷன் அரிசியோடு முன்னே போயின. ஒரு கழுதை ஐம்பது கிலோவுக்கு மேல் சுமக்காது, சுமக்கவும் விடமாட்டோம் என்றார். என் முழங்கால் காரணமாக அவர் ஒன்றரை மணி நேரத்தில் ஏறும் வழியில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

வழியில் இரண்டு இடங்களில் பாறையைக் காட்டி, "இங்கதான் தோள் மாத்துவோம்" என்றார். நோயாளியைக் கம்பில் போர்வை கட்டித் தூளியாகத் தூக்கி வரும்போது நான்கு பேரும் ஆள் மாற்றிக்கொள்ளும் இடங்கள் அவை. மழை நாளில் இறங்கவே நான்கு மணி நேரம் ஆகுமாம். நான் ஏறிவந்த பாதை வான்வழியில் அளந்தால் ஐந்து கிலோமீட்டர்கூடத் தேறாது. மலைக்கும் பென்னாகரத்துக்கும் இடையே மொத்தமாகவே ஒரு மின் ஊர்திக்குப் பத்து நிமிட வேலைதான் இருக்கும். எட்டுத்தொலைவு குறைவு என்று மூன்று நாளாக நான் குறைபட்டுக்கொண்ட பேட்டரிக்கு இங்கே அந்தக் குறையே இல்லை. உயரம் காற்றை இன்னும் லேசாக்கும் என்பது உண்மை; ஆனால் நான்கு பயணியர் இருக்கைக்குப் பதில் ஒரு படுக்கையும் ஒரு செவிலியரும் என்றால் எடையில் அந்த இழப்பை ஈடுகட்டிவிடலாம். ஆர்ச்சரின் மிட்நைட் ஊர்தி சுமக்கும் எடையாகச் சொல்லப்படுவது சுமார் 450 கிலோ. ஒன்பது கழுதைச் சுமை.

சாலைக்கு மாற்றாக இதைப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை போனபிறகு அங்கே விளையும் காப்பியும் மிளகும் வண்டியில் இறங்கத் தொடங்கின. எந்த வானூர்தியும் ஒரு மலையின் மிளகு முழுவதையும் இறக்கித் தராது. சாலை வரும்வரைக்கும், வந்தபின் நள்ளிரவுக்கும்தான் இந்த ஊர்தி.

ஊரில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். அந்த ஊர்தி எங்கே இறங்கும் என்று பெரியவர் கேட்டார். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை பன்னிரண்டு முதல் பதினைந்து மீட்டர் இருக்கும், அதைப் போல் இருமடங்கு அகலமான, மேடுபள்ளமில்லாத, புழுதி பறக்காத இடம் வேண்டும், மின்னேற்றம் கீழே பென்னாகரத்திலேயே செய்துகொள்ளலாம் என்றேன். அவர் எழுந்து, மாடு கட்டும் களத்துக்கு என்னை அழைத்துப் போனார். கிழக்கு மேற்காகக் காலடி வைத்து எண்ணினோம். நாற்பத்திரண்டு அடி வைப்பு வந்தது. என் அடி வைப்பு முக்கால் மீட்டர் இருக்கும் என்பதால், முப்பது மீட்டர் தாராளமாகத் தேறியது. தெற்கு வடக்காக எண்ணியபோது இருபத்தொன்பதிலேயே ஒரு பெரிய புளியமரம் குறுக்கே நின்றது. அதன் கீழே கழுதைகள் இரண்டும் சுமை இறக்கிய முதுகோடு நின்றிருந்தன.

பெரியவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இத வெட்டணும்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

சொல்லுவார்கள் என்றேன். களத்தை வடக்குப் பக்கம் நீட்ட முடியுமா என்று இருவரும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம்.